அழகுமலை கடலுக்குப் போன ஜமாபந்தி

விடுப்பு விண்ணப்பம் பதினொரு நிமிடத்தில் கையெழுத்தாகித் திரும்பி வந்தபோது, தாசில்தாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்றுதான் அழகுமலை முதலில் கவலைப்பட்டார்.

அவர் துணைத் தாசில்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகம். எதுவென்று சொன்னால் மற்ற தாலுகாக்காரர்கள், எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார்கள்.

விண்ணப்பத்தை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். மே மாதம் பத்தொன்பதாம் தேதி முதல் இருபத்திரண்டாம் தேதி வரை நான்கு நாள் ஈட்டிய விடுப்பு. குடும்பத்துடன் கடற்கரையில் தங்கி ஓய்வெடுக்க. மேற்படி நாட்களில்தான் ஜமாபந்தி நடக்கிறது என்பதையும், மேற்படி ஜமாபந்தியில் தமது பங்கு எத்தகையது என்பதையும், எனவே விடுப்பு மறுக்கப்படும் பட்சத்தில் தமக்கு யாதொரு மனவருத்தமும் இல்லை என்பதையும் அவரே விரிவாகக் குறிப்பிட்டிருந்தார். மறுப்பதற்கு வேண்டிய சகல வசதிகளையும் செய்து கொடுத்திருந்தார். அப்படியும் மூன்றாம் பக்கத்தின் அடியில் பச்சை மையில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று இருந்தது.

ஜமாபந்தி என்றால் வருவாய்த் துறைக்குத் தேர்த் திருவிழா. வருடத்துக்கு ஒரு முறை, கத்திரி வெயிலில், தாலுகா அலுவலக வாசலில் பந்தல் போட்டு, எல்லாக் கிராமத்துப் பதிவேடுகளையும் வரவழைப்பார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்து சரிபார்ப்பார். பட்டா கேட்டும் பாதை கேட்டும் ஜனங்கள் மனுவோடு வருவார்கள். ஆறு வருடமாக அந்தத் தேரின் வடம் தம் கையில்தான் இருக்கிறது என்பது அழகுமலையின் கருத்து. தேர் நகராமல் நின்ற நேரங்களிலெல்லாம் வடம் அவர் கையில்தான் இருந்தது என்பதை அலுவலகத்திலும் யாரும் மறுத்ததில்லை.

பதிவேட்டுக்குப் போட்ட காக்கி அட்டையில் மடிப்பு கோணலாக இருந்தால், கிராம நிர்வாக அலுவலரை வெயிலோடு வெயிலாகத் திருப்பி அனுப்புவார். மனுவை மூன்றாக மடித்து வந்தவர்களை நான்காக மடித்து வரச் சொல்வார். வரவேற்புரைக்கென்று மைக்கைப் பிடித்தால், வந்த அதிகாரி இரண்டு டம்ளர் மோர் குடித்து முடித்து மூன்றாவதுக்குக் கை நீட்டும்வரை விடமாட்டார். மற்ற தாலுகாக்களில் நாலு நாளில் முடிகிற ஜமாபந்தி இங்கே ஒன்பது நாள் நடக்கும். "அவ்வளவு டீப்பா பாக்குறோம்" என்பார் பெருமையாக.

அப்படிப்பட்டவர் அந்த நாட்களில் விடுப்பு கேட்டதற்குக் காரணம் அவருடைய மனைவி பரிமளா.

கடலோரமாக நாலு நாள் தங்க வேண்டும், காலையில் கண் விழித்தால் கடல் தெரிய வேண்டும் என்பது பரிமளாவின் ஆசை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக இதே ஆசை. மகள் மோகனப்ரியாவுக்குக் கோடை விடுமுறை கிடைப்பது மே மாதத்தில். அழகுமலைக்கு ஜமாபந்தி வருவதும் மே மாதத்தில். ஒரு வருடம் பொறுக்க முடியாமல், ஜெகதாப்பட்டினத்துக்காவது ஒரு நாள் போய்வரலாமே என்று கேட்டுப் பார்த்தாள்.

"அது மீன் வாங்குற கடல் பரிமளா. நான் ஒன்னயக் கூட்டிட்டுப் போகப்போறது ஓய்வெடுக்குற கடல்" என்று சொல்லிவிட்டார்.

இந்த வருடம் ஏப்ரலில் எதிர்வீட்டுத் தேனப்பன் குடும்பம் கோவளம் போய்விட்டு வந்தது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஓலைத் தொப்பி ஒன்றை வாங்கிவந்து, கடையில் ஆணி நிறுக்கும்போதுகூட அதைத் தலையிலிருந்து எடுக்காமல் இருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில் அழகுமலைக்கு வாய் வந்துவிட்டது. மே மாதம் தாங்களும் போகிறோம், நாலு நாள், கடலைப் பார்த்த அறை என்று, சாம்பார் ஊற்றுகிறவர் உட்பட அனைவருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

அவருக்கு அந்தத் தைரியம் வந்ததற்கு இரண்டு பூட்டுகள் காரணம். முதல் பூட்டு, சீசன். மே மாதத்தில் எந்தக் கடற்கரையிலும் அறை கிடைக்காது. இரண்டாவது பூட்டு, ஜமாபந்தி. இரண்டு பூட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு யார் வேண்டுமானாலும் தாராள மனதோடு இருக்கலாம்.

முதல் பூட்டு நன்றாகவே பூட்டியிருந்தது. மோகனப்ரியா இரண்டு நாள் செல்போனும் கையுமாக உட்கார்ந்து தேடினாள். ராமேஸ்வரம் நிரம்பிவிட்டது, கன்னியாகுமரி நிரம்பிவிட்டது, வேளாங்கண்ணியில் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். அழகுமலை துக்கத்தை அடக்கிக்கொண்டு அலுவலகத்தில் இதைச் சொன்னார். அறை மட்டும் கிடைத்திருந்தால் போயே தீர்ந்திருப்பேன் என்றும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சேர்த்தார்.

மறுநாள் காலை இளநிலை உதவியாளர் எழிலரசன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சார், ரூம் கெடச்சிருச்சு. மீமிசலுக்கு அங்கிட்டு, ஈ.சி.ஆர். ரோட்டு மேல ஒரு விடுதி. எட்டே ரூம்தான். பதினெட்டாம் தேதி சாயங்காலத்துலேர்ந்து ஒங்களுக்கு ஒண்ணு."

"சீசன்லயா?"

"ஒங்களப் பத்திச் சொன்னேன் சார். ஒடனே குடுத்துட்டாங்க."

அந்த வாக்கியத்தை அழகுமலை திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் இரண்டாவது பூட்டை நம்பி அந்த மூன்று பக்க விண்ணப்பத்தை எழுதினார். அதுதான் இப்போது பச்சை மையோடு கையில் இருந்தது.

தாசில்தார் பிரகதீஸ்வரி மூன்று மாதத்துக்கு முன்புதான் வேறொரு தாலுகாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அழகுமலையைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அனுபவம் போதாது, தேதியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று முடிவு செய்து, திருத்துவதற்காக உள்ளே போனார்.

"மேடம், பத்தொம்பதாம் தேதி ஜமாபந்தி ஆரம்பம்."

"ஆமா சார்."

"இருபத்திரெண்டு வரைக்கும் நான் இருக்க மாட்டேன்."

"ஆமா சார். கூட ரெண்டு நாள் சேத்து எடுத்துக்கிறீங்களா? வெயில்ல போயிட்டு வந்தா அசதியா இருக்கும்."

அழகுமலை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குடும்பத்தைவிட அலுவலகமே பெரிதென்று வாழ்பவர் தாம் என்பதை எடுத்துச் சொன்னார். மாமனார் காரியத்துக்கே அரைநாள்தான் போனதையும், அந்த அரைநாளில் இரண்டு கோப்புகளைக் கையோடு எடுத்துச் சென்றதையும் சொன்னார். தாசில்தார் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுல எத்தன வருசமா கடலப் பாக்கணும்னு கேக்குறாங்க சார்?"

"பத்தொம்பது வருசமா."

"அப்ப ஒரு வருசம் ஜமாபந்தி அவங்களுக்காகப் பொறுத்துக்கட்டும். போயிட்டு வாங்க."

வெளியே வந்து யோசித்தார். இந்த அம்மாளுக்குத் தம் வேலையின் பரப்பு தெரியவில்லை. பட்டியல் போட்டுக் காட்டினால் தெரிந்துவிடும். அன்று மாலைக்குள், ஜமாபந்தியில் தாம் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் என்று அறுபத்து நான்கு இனங்களைத் தட்டச்சு செய்து, எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றுக்கு விட்டார். பட்டியலைப் பார்த்ததும் ஊழியர்கள் தலையில் கைவைத்து உட்காருவார்கள், யாராவது ஒருவர் ஓடிவந்து காலைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்து அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் பட்டியல் திரும்பி வந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே ஒரு பெயரும் கையெழுத்தும் இருந்தன. சில இனங்களுக்கு இரண்டு பேர் போட்டி போட்டிருந்தார்கள். கொண்டுவந்தவர் வருவாய் ஆய்வாளர் விக்ரம்.

"வரவேற்புரைய யாரு பேசுறதுங்குறதுலதான் கொஞ்சம் இழுத்துச்சு சார்" என்றார் விக்ரம்.

"அப்புறம்?"

"இந்த வருசம் வரவேற்புரையே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். ஒங்க எடத்துல இன்னொருத்தர் நின்னு பேசினா நல்லாருக்காது."

அழகுமலை பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளை உருவாக்கிவிட்டோமே என்ற நினைப்பு ஒரு பக்கம். இப்போது கடலுக்குப் போயே ஆகவேண்டுமே என்ற நினைப்பு மறுபக்கம்.

அலுவலகத்தில் நடக்காததை வீட்டில் நடத்திப் பார்க்கலாம் என்று, அன்று காபி குடிக்கும்போது பரிமளாவிடம் பேச்சை எடுத்தார். ஆபீசே கலங்கிப் போயிருக்கிறது, தாசில்தார் அம்மாள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, பாவம் அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று படிப்படியாகக் கொண்டுபோனார். பரிமளா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அறையின் நடுவில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது.

"ஏங்க, இந்தப் பெட்டிய எத்தன மே மாசம் பரண்லேர்ந்து எறக்கிருக்கேன்னு தெரியுமா?" என்றாள்.

அழகுமலை காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எறக்கித் தொடச்சு, துணியெல்லாம் அடுக்குவேன். நீங்க வந்து ஜமாபந்தின்னு சொல்லுவீங்க. எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டுப் பெட்டிய மேல ஏத்துவேன். இந்தத் தடவ எறக்கியாச்சு. இனிமே நான் ஏத்த மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். காபியைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போனார். எதிர்வீட்டில் தேனப்பனின் தொப்பி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. வைகாசி முகூர்த்தம். மாவட்டத்தில் ஓடுகிற கார் வேன் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்கும். கறம்பக்குடிவரை விசாரித்தும் ஒரு வண்டி கிடைக்கவில்லை. பஸ்ஸில் போகலாமே என்றாள் பரிமளா. ஒரு துணைத் தாசில்தார் பெட்டியைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அறந்தாங்கி பஸ்ஸில் நின்றுகொண்டு போவது அரசுக்கே இழுக்கு என்று அவளுக்குப் புரியவைத்துவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் நல்ல சத்தமாகச் சொன்னார்:

"வண்டி கெடைக்கல. போக முடியாது போலருக்கு. ஜமாபந்திக்கு நான் இருந்துருவேன், யாரும் கவலப்பட வேணாம்."

அலுவலகம் அப்படியே நின்றது. தட்டச்சு சத்தம் நின்றது. ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த எழிலரசன் அடிக்காமல் கையைத் தூக்கியபடி இருந்தான். பதிவறையிலிருந்து யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, கேட்டது உண்மைதானா என்று கண்ணாலேயே விசாரித்தார். தமக்காக இவ்வளவு வருந்துகிறார்களே என்று அழகுமலைக்கே சங்கடமாகிவிட்டது.

மாலை நாலு மணிக்கு அலுவலக வாசலில் மூன்று கார்கள் நின்றன. ஒன்று விக்ரமின் அக்கா வீட்டுக்காரருடையது. இன்னொன்று ஒரு கிராம நிர்வாக அலுவலரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து வாங்கிய புதுக் கார். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. மூன்றாவது, கல்யாண மாப்பிள்ளைக்காகப் பேசியிருந்த கார். மாப்பிள்ளை வேறு ஏற்பாடு செய்துகொள்வார் என்று சொன்னார்கள். டீசல் தம் பொறுப்பு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் புதுக் காரைத் தேர்ந்தெடுத்தார் அழகுமலை. அதற்குப் பிறகு அவரிடம் எந்தப் பூட்டும் இல்லை.

பதினெட்டாம் தேதி மதியம் அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. நாலு நாள் விடுப்புக்குப் பொன்னாடை போர்த்துகிற வழக்கம் வருவாய்த் துறையில் கிடையாது. அன்று ஏற்பட்டது. ஜமாபந்திக்காகப் போட்ட பந்தலிலேயே அவரை உட்காரவைத்து மாலை போட்டார்கள். தாசில்தார் இரண்டு வார்த்தை பேசினார். விக்ரம் பேசும்போது, சாரைப் போன்ற ஒருவர் நம் அலுவலகத்தில் இருப்பதை மற்ற தாலுகாக்காரர்கள் எப்போதும் பேசிக்கொள்கிறார்கள் என்று குறிப்பிட்டார். ஏற்புரைக்கு அழகுமலை எழுந்தபோது கரண்ட் போய்விட்டது. மைக் இல்லாமலே பேசுகிறேன் என்றார். நேரமாகிவிட்டது, ராகுகாலம் வந்துவிடும் என்று கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார்கள்.

காரின் முன்னால் தேங்காய் உடைத்தார்கள். கார் தெரு முனை திரும்பும்வரை அத்தனை பேரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். பின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்த அழகுமலை, கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தியா பரிமளா. ஒரு மனுசன் இதுக்கு மேல என்னத்தச் சம்பாரிக்கணும்?"

பரிமளாவும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். முன்பக்கக் கண்ணாடி வழியாக. கடல் எப்போது தெரியும் என்று டிரைவரைக் கேட்டாள்.

விடுதியின் வாசலுக்கு எதிரே, முப்பதடி தூரத்தில் கடல் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடல் அலையடிக்காது. ஏரித் தண்ணீர்போலக் கரையை லேசாகத் தொட்டுவிட்டுப் பேசாமல் கிடந்தது. இந்த மாதிரி அமைதியான கடல்தான் வேண்டுமென்று சொல்லியிருந்தேன் என்றார் அழகுமலை. மறுநாள் விடிந்ததும் பரிமளா புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். ஐம்பது அடி போனாள், முழங்கால் தண்ணீர்தான். நூறு அடி போனாள்; அப்போதும் முழங்கால்தான். அங்கேயே நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அழகுமலைக்கு ஒரு கணம் நெஞ்சில் ஏதோ செய்தது. நம்மால்தானே என்று நினைத்ததும் சரியாகிவிட்டது. மோகனப்ரியா எடுத்த படத்தை உடனே தேனப்பனுக்கு அனுப்பச் சொன்னார்.

பத்து மணிக்கு ஜமாபந்தி தொடங்கும். ஒன்பதரைக்கே சட்டைப் பையில் பேனா செருகி, செல்போனைக் கையில் ஏந்தி, கரையோர பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. போன் கெட்டுவிட்டதோ என்று, அறைக்குள்ளிருந்து மோகனப்ரியாவை ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொன்னார். நன்றாக அடித்தது. பன்னிரண்டரைக்குத் தாங்க முடியாமல் விக்ரமைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு எடுத்துக்க வேண்டிய கிராமமெல்லாம் முடிஞ்சுருச்சு சார். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"மணி பன்னெண்டரைதானப்பா ஆவுது?"

"எல்லாம் நீங்க குடுத்த ட்ரெய்னிங் சார்."

மூன்றாம் நாள் மதியம் விக்ரமே கூப்பிட்டார். ஜமாபந்தி மொத்தமும் முடிந்துவிட்டது. வந்த மனுக்களில் பாதிக்கு அங்கேயே உத்தரவு கொடுத்தாகிவிட்டது. ஜனங்கள் சந்தோஷமாகப் போனார்களாம். அதிகாரி ஒரு டம்ளர் மோரோடு கிளம்பிவிட்டாராம்.

அழகுமலை போனைச் சட்டைப் பையில் போட்டார். நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முள் இருந்தது. ஆனால் பெருமைப்படத் தெரிந்தவனுக்கு முள் ஒரு பொருட்டல்ல. சாயங்காலத்துக்குள் அதைப் பிடுங்கிவிட்டார். ஒரு மனிதன் ஓர் அலுவலகத்தை இப்படிச் சாவி கொடுத்து வைத்துவிட்டு வந்தால், அவன் இல்லாத இடத்திலும் அவனே வேலை செய்கிறான் என்று பரிமளாவுக்கு விளக்கினார். அவள் தலையாட்டிவிட்டுச் சங்கு பொறுக்கப் போனாள்.

அன்று மாலை கரையில் அவரைப்போல இன்னும் ஏழு பேர், ஆளுக்கொரு நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளாகவே அவர்களைக் கவனித்துவந்தார். எல்லோருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். இஸ்திரி போட்ட பேன்ட், உள்ளே விட்ட சட்டை, கையில் செல்போன். ஒருவர், டீ கொண்டுவந்த தட்டு கோணலாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார். இன்னொருவர், கயிற்றில் காய்ந்த துண்டுகளை எடுத்து ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. கொஞ்சம் தற்பெருமை பிடித்த ஆசாமிகள் போலிருக்கிறது என்று அழகுமலை நினைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்களை அவருக்குப் பிடிக்காது.

விடுதியில் சமையலும் கூட்டிப் பெருக்குவதும் காத்தாயிதான். டீயை நீட்டிவிட்டுக் காலி டம்ளருக்காகப் பக்கத்திலேயே நின்றாள். வேறு ஆள் கிடைக்காததால் அழகுமலை அவளிடம் ஆரம்பித்தார்.

இந்த சீசனில் இப்படி ஓர் அறை யாருக்காவது கிடைக்குமா என்று கேட்டார். தம்மைப் பற்றிச் சொன்னதுமே கொடுத்துவிட்டார்கள் என்றார். தாம் யார், என்ன பதவி, கிளம்பும்போது அலுவலகமே வாசலில் நின்று கண்கலங்கியது எப்படி என்றெல்லாம் சொன்னார். காத்தாயி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சும்மா சொல்லக்கூடாது, நான் இல்லாம அங்க ஒரு ஃபைல் நகராது" என்று முடித்து, டம்ளரைக் கொடுத்தார்.

காத்தாயி டம்ளரை வாங்கிக்கொண்டு, கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

"அவுகளும் அதேதாங்கய்யா சொல்றாக. ஜமாபந்தி வந்துட்டா வருசா வருசம் எட்டு ரூமும் தாலுகா ஆபீசுக்காரவுகளுக்குத்தான். ஆபீசுக்கு ஒருத்தர இங்கிட்டு அனுப்பி வச்சுருவாக, அங்கிட்டு வேல நடக்கணும்ல."